கடைசி ஆள்

என் வேலை யாரையும் முந்தாமலிருப்பது.
பன்னிரண்டு சைக்கிள்கள் போகும்,
பதின்மூன்றாவது நான்.
பையில் மூன்று ட்யூப், ஒரு பம்ப்,
பஞ்சு, டிஞ்சர், உப்புப் பொட்டலம்,
இதுவரை ஊத நேராத ஒரு விசில்.

எல்லோருக்கும் முன்னால் திம்மராயன்.
வழி அவனுக்குத்தான் தெரியும்.
திருப்பத்துக்குத் திருப்பம்
சுண்ணாம்பில் அம்பு இழுத்துவிட்டுப் போவான்.
அம்புகளை நான் பார்ப்பதில்லை.
எனக்கு முதுகு போதும்.

கிருஷ்ணகிரி அணைக்கட்டில் கிளம்பியபோது
பன்னிரண்டு முதுகுகள்.
ராயக்கோட்டை வருவதற்குள் நாலு.
மறுநாள் தேன்கனிக்கோட்டை தாண்டி
அஞ்செட்டி இறக்கத்தில்
மற்றவர்கள் கூடை கவிழ்ந்த எலுமிச்சையாய் உருண்டோட
பிரேக்கை விடாமல் பிடித்தபடி
மிஞ்சியது ஒன்றே ஒன்று.

நீலச் சட்டை.
தோள்பட்டைகளுக்கு நடுவே வியர்வை
காலையில் மாங்காய் அளவு,
மத்தியானத்துக்குள் பூசணி.

பிலோமினா. எலத்தகிரிக்காரர்.
ஓசூரில் வாட்ச் கம்பெனியில்
இருபத்தாறு வருஷம் முள் பொருத்தியவர்.
கையில் வாட்ச் கிடையாது.
மூன்று மிதிக்கு ஒருதரம் அவர் பெடல்
கிரீச் என்னும்.
ராத்தங்கிய இடத்திலெல்லாம் எண்ணெய் விட்டேன்.
விடிந்தால் கிரீச்.
"விடுப்பா," என்றார்,
"நான் நகர்றேன்னு
அது ஒண்ணுதான் சாட்சி சொல்லுது."

நாலாம் நாள்
ஒகேனக்கல்லில் மீன்குழம்பு வாசனையை விட்டுவிட்டு
பென்னாகரம் ஏற்றம்.
தடுப்புச் சுவரில் வரிசையாகக் குரங்குகள்,
விலை கேட்க வந்தவை போல.
வேன் வந்து பக்கத்தில் உறுமியது.
டிரைவர் காளியப்பன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே
அரைக் கிலோமீட்டர் ஓட்டினான்.
அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
கதவு மூடிக்கொண்டது.

இறங்கித் தள்ளினார், நானும் தள்ளினேன்.
ஏறினார், ஏறினேன்.
மூன்றாவது கொண்டை ஊசி வளைவில்
யாரையோ திட்டினார்.
வளைவையா, என்னையா,
இந்த டூருக்குப் பணம் கட்டிய மருமகளையா
தெரியவில்லை.
முன்னால் போகிறவர் திட்டு
பின்னால் வருகிறவனுக்குத்தானே விழும்.

மேலே சமதரை.
மைல்கல் மேல் ஒரு காலை ஊன்றி நின்றார்.
"நாலு நாளா என் முதுகையே பாத்துக்கிட்டு வர்றே இல்ல?"
"ஆமாங்க."
"எப்படி இருக்குது?"
இதற்குப் பதில் சொல்ல
எங்களுக்குப் பயிற்சி தரவில்லை.
"காலைல மாங்கா, மத்தியானம் பூசணி."
சிரித்தார். சிரிப்பு இருமலாகி
பாட்டில் தண்ணீர் பாதி தீர்ந்தது.
"போ முன்னாடி."
"கூடாதுங்க."
"குரங்குகூட இல்ல இங்க. போ."

போனேன்.

காற்று இவ்வளவு நேரம் யாரோ பயன்படுத்தி முடித்ததாய்
என்னிடம் வந்துகொண்டிருந்திருக்கிறது.
இப்போது புதுசு.
கேழ்வரகுக் கொல்லை, கிணற்று மேடு,
ரோட்டில் உலர்த்திய கொள்ளை நசுக்காமல் ஒதுங்கும் டிராக்டர்
எல்லாம் என்மேலேயே நேராக வந்தன.
மறைக்க ஒரு முதுகு இல்லாமல்
கண்ணை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

பின்னால் கிரீச்.
அதைக் காதால் இழுத்துக்கொண்டு போனேன்.
மெதுவானால் மெதுவானேன்.
நின்றுவிடுமோ என்று
நெஞ்சு ஒரு மிதி முந்தி அடித்துக்கொண்டது.

ரோடு முடிந்த இடத்தில்
தக்காளி மண்டி.
பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.
"எங்க போறீங்க?"
"தர்மபுரி."
"அது புளியமரத்தாண்ட திரும்பியிருக்கணும்.
வெள்ளையா அம்பு போட்டிருக்குதே, பாக்கலியா?"

பிலோமினா காலிப் பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்தார்.
தழும்பு விழுந்ததில் இரண்டு தக்காளி
காசு வாங்காமல் கிடைத்தது.
என் உப்புப் பொட்டலம் பிரிந்தது.
சாறு முழங்கைவரை வழிய
அவசரமில்லாமல் தின்றார்,
ஒவ்வொரு விதையும் ஒரு முள் என்பதுபோல.

போனில் திம்மராயன். பதினோராவது முறை.
"எல்லாரும் வந்தாச்சு.
கடைசி ஆள் எங்கடா?"

அவரைப் பார்த்தேன்.
அவர் என்னைப் பார்த்து
வேண்டாம் என்பதுபோலத் தக்காளிக் கையை ஆட்டினார்.

"வந்துட்டிருக்காங்க," என்றேன்.